நாய் கொழுந்து கிள்ளப் போன கதை

நான் வேலை பார்த்த அச்சகத்தில் இப்போது இருக்கிற பெண்பிள்ளைகள் போன மாதம் என்னை ஒரு தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து வேடிக்கை காட்டினார்கள். பிழையான சொல்லை அடித்தால் அதுவே கீழே சிவப்புக் கோடு போட்டுவிடுகிறது. "உங்க காலத்துல யாரு மிஸ் கோடு போட்டது?" என்று ஒருத்தி கேட்டாள். நான்தான் போட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "நாய்க்குச் சோறு வைத்தேன் என்பதற்குப் பதிலாகத் தாய்க்குச் சோறு வைத்தேன் என்று அடித்துப் பாருங்கள், கோடு விழுகிறதா பார்ப்போம்" என்றேன். அடித்தார்கள். விழவில்லை. இரண்டும் நல்ல தமிழ்ச் சொல், அது பாவம் எங்கே போகும்? எனக்குச் சிரிப்பு வந்து தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. ஏன் அப்படிச் சிரித்தேன் என்று அவர்களுக்கு அன்றைக்குச் சொல்ல முடியவில்லை, இருமிக்கொண்டே இருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஈய எழுத்துக்கள் போய்விட்டனவே என்று என்னிடம் யாரும் துக்கம் விசாரிக்க வரவேண்டாம். அவை போனதில் எனக்குப் பரம சந்தோஷம். கண்ணுக்கும் கேடு, நகத்துக்கும் கேடு. அவற்றோடு நான் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்தேன், போதும்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு ஹாஜியாரின் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட அறிக்கை, எப்போதாவது ஒரு புத்தகம். என் அப்பா மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் இருந்தார். ஹாஜியார் வீட்டுக் குழாயைத் திருத்தப் போன இடத்தில், மகள் தமிழில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள் என்று பெருமை பேசிவிட்டு வந்தார். அடுத்த திங்கட்கிழமை நான் புரூஃப் பார்க்கிறவளாகிவிட்டேன். எடுத்த எடுப்பில் முதல் ஆறு மாதம் எனக்குக் கொடுத்த வேலை, மூலப்பிரதியை உரக்க வாசிப்பது. பிறகு பென்சில் கொடுத்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

பென்சிலைக் கொடுத்தவர் சிவபாதம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், தலைமைப் புரூஃப் பார்ப்பவர். தலைமை என்றால் எங்கள் இரண்டு பேரில் அவர் தலை. வெள்ளைச் சட்டையில் மூன்று பென்சில் செருகியிருப்பார். நீலம் அச்சுக்கோப்பவரின் பிழைக்கு, சிவப்பு எழுதியவரின் பிழைக்கு. கறுப்பு எதற்கு என்று வெகுநாள் தெரியாது. அது அவருடைய சொந்தப் பிழைக்காம். வருஷத்துக்கு ஒரு தடவைகூட அதைச் சீவ வேண்டி வரவில்லை.

ஐயாவுக்குக் கோபம் வந்தால் திட்டமாட்டார். கேள்வி கேட்பார். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பெயருக்கு முன்னால் 'செல்வன்' என்று போய்விட்டது. அச்சுக்கோப்பவரை அழைத்து மிகவும் பணிவாக, "தம்பி, ரெண்டு மாப்பிள்ளையும் சீதனத்தை ஆரிட்டைக் கேக்கப் போகினம்?" என்று கேட்டார். அந்த மனுஷன் ஒரு கிழமை ஐயாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் புரூஃப் பார்க்கும் முறையே தனி. ஒரு பக்கத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குப் பின்னோக்கிப் படிப்பார். நானும் அப்படியே படிக்கவேண்டும். "விளங்கிச்செண்டால் பிழை தெரியாது பிள்ளை. கதைக்குள்ளை போகாதையும், எழுத்தைப் பாரும்" என்பார். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் 'த'வும் 'ந'வும் பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும். கை ஒரு அங்குலம் தவறினால் தாய் நாயாகிவிடுவாள். ஆகவே அந்த இரண்டு எழுத்துக்கு மட்டும் ஐயா தனியாக ஒரு விதி வைத்திருந்தார். "பெயரிலை சந்தேகம் எண்டால் வினையைக் கேளும். 'வந்தாள்' எண்டால் தாய், 'வந்தது' எண்டால் நாய். வினை பொய் சொல்லாது." எவ்வளவு அழகான விதி! நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஐயாவிடம், "எங்கம்மா வெள்ளனையே வரச் சொல்லுச்சு, நான் போகட்டுமா ஐயா?" என்று கேட்டேன். எங்கள் மலையகப் பேச்சில் அம்மா, அக்கா, அத்தை எல்லோரும் வந்துச்சு, போனுச்சுதான். செல்லம் கூடினால் இன்னும் கூடும். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "உம்மடை அம்மா அஃறிணையோ?" என்றார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அன்றிலிருந்து அச்சகத்தில் "அம்மா சொன்னார்" என்று பேசப் பழகினேன். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் "அம்மா, நீங்கள் தேநீர் அருந்தினீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தது.

அப்படி நான் இலக்கணத்தில் மிதந்துகொண்டிருந்த காலத்தில்தான் அன்னம் டீச்சர் வந்தார், ஒரு நாயோடு.

டீச்சர் குண்டசாலையில் குடியிருந்தார். அவருடைய தாய் பேச்சியம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில். ஆயுசுக்கும் கொழுந்து கிள்ளியவர். தோட்டத்து ஆட்களை இலங்கையும் இந்தியாவும் பங்குபோட்டுக்கொண்ட காலம் அது. மூத்த மகனோடு அவருக்கு இந்தியாவுக்குப் போகப் பத்திரம் வந்துவிட்டது. டீச்சருக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை, இங்கேதான் இருக்கவேண்டும். தாயின் கதைகளை இரண்டு கொப்பியில் எழுதியெடுத்துக்கொண்டு, தாய் வளர்த்த நாயையும் பிடித்துக்கொண்டு, ஒரே நாளில் இரண்டோடும் மலையிலிருந்து இறங்கியிருந்தார். நாயின் பெயர் ராணி. குண்டசாலை பஸ்ஸில் ராணியை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டானாம்.

"எல்லாமே பொம்பளையும் நாயும் வர்ற கதைங்க," என்றார் டீச்சர். "அம்மாவுக்கு வேற கதை தெரியாது. நாயி இல்லாத கதைய அம்மா கதைன்னே ஒத்துக்கிறாது. இன்னும் மூணு கிழமையில அம்மாவுக்கு ரயிலு கோச்சி. அதுக்குள்ள புத்தகமா கையில குடுக்கணும். அதுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா தொட்டுப் பாக்கணும். அங்க போயி யாரையாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கும்."

'ஒத்துக்கிறாது', 'கேட்டுக்கும்'. ஐயாவின் புருவம் உயர்வதை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். டீச்சருக்காக எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இதைக் காதால் கேட்டுவிட்டுத்தான் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதை நீங்கள் மறக்கவேண்டாம்.

ராணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஹாஜியார் சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நடந்து வந்தார். தொழுகைக்குப் போகிறவர், நாயின் ஈரம் படக்கூடாது. என்ன புத்தகம் என்று கேட்டார், சொன்னோம். சற்று நேரம் தாடியைத் தடவினார். "எங்கட ஆக்களும் ஒரு கதை செல்லுவாங்க மகள். பாலைவனத்துல ஒரு பொம்பள. ஊரு அவள நல்லவள்னு செல்லல்ல. கெணத்துப் பக்கம் ஒரு நாயி தாகத்துல நாக்கத் தொங்கப்போட்டு நிக்கிது. அவ கால்ல போட்டீந்த செருப்பக் கழட்டி, முந்தானையில கட்டி, தண்ணி எடுத்துக் குடுத்தா. அந்த ஒரு காரியத்துக்கு அல்லாஹ் அவட பாவத்த எல்லாம் மன்னிச்சிட்டான்." சொல்லி முடித்ததும் ராணியைப் பார்த்தார். "அதுக்குத் தண்ணி வெச்சாச்சா? ஒரு செரட்டையில வெச்சிக் குடுங்க" என்று உள்ளே திரும்பிக் கத்தினார்.

மெஷின் ஓட்டுகிற பண்டா கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவனும் சும்மா இருப்பானா? இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த இளவரசனின் ஆட்கள் கரையில் முதன்முதல் கண்டது ஒரு பெட்டை நாயைத்தானாம். நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று பின்னாலேயே போனால் மரத்தடியில் ஒரு பெண் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். "ராஜ்ஜியம் எல்லாம் அப்புறம் மிஸ். முதல்ல நாய், அப்புறம் பொம்பளை" என்றான் பண்டா தன் சிங்களத் தமிழில். கடுகண்ணாவைப் பக்கத்து விகாரையில் பழைய சுவர்ச் சித்திரத்தில் அரசி ஒருத்தியின் ஆசனத்துக்குக் கீழே நாய் படுத்திருக்கிறதாம், ராஜாவைவிட நாயைத்தான் நன்றாக வரைந்திருக்கிறார்களாம். டீச்சர் சிரித்துச் சிரித்து, அந்தக் கதைகளையும் அங்கேயே எழுதிச் சேர்த்துக்கொண்டார். 'அச்சகத்தார் சொன்னவை' என்று தலைப்பு. எங்கள் அச்சகம் ஒரு புத்தகத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை.

அது காகிதம் கிடைக்காத காலம். பள்ளிக்கூடக் கொப்பிக்கே வரிசையில் நின்ற காலம். ஹாஜியாரிடம் ஐந்நூறு பிரதிக்குச் சரியாக வரும் அளவு மட்டும் இருந்தது. ஒரு தாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "பிழை வந்தா மறுபடி அடிக்க ஏலாது மகள்" என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

முதல் பாதிப் புத்தகத்தை ஐயாவும் நானும் பார்த்தோம். பிறகு ஐயாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. "நான் போயிட்டு வாறன். நீர் பாப்பீர்தானே?" என்றார். பார்ப்பேன் என்றேன். தனியாக ஒரு புத்தகம் பார்க்கப்போகிறேன் என்கிற பூரிப்பில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் பாதியில் மற்றக் கதைகளை எல்லாம் பார்த்து முடித்தேன், மிஞ்சியிருந்தது கடைசிக் கதை. பேச்சியம்மாவுக்கு மிகவும் பிடித்த கதை அதுதான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஊர் ஊராக உள்ள பழங்கதைதான். தொட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் பாம்பு வர, நாய் அதைக் கொல்ல, வாயில் ரத்தத்தைப் பார்த்துத் தாய் தப்பாக நினைக்கிற கதை. மற்ற ஊர்களில் நாயைக் கொன்றுவிடுவார்கள். பேச்சியம்மா கொல்ல விடமாட்டாராம். இந்தக் கதை எதுவும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசைமேல் கிடந்த கொப்பி மட்டும். டீச்சர் கடைசிக் கதையை அவசரத்தில் கிறுக்கியிருந்தார். அவர் எழுத்தில் 'த'வும் 'ந'வும் இரட்டைப் பிள்ளைகள். எது மூத்தது என்று பெற்றவருக்கே தெரியாது. அச்சுக்கோப்பவர் கைக்கு வந்ததைக் கோத்துவைத்திருந்தார். ஒரு வரியில் தாய் தொட்டிலில், அடுத்த வரியில் நாய் தொட்டிலில்.

நான் நீலப் பென்சிலைச் சீவினேன். ஐயாவின் விதி கையில் இருக்கும்போது எனக்கென்ன பயம்? அவசரத்தில் இந்த ஒரு கதையை மட்டும் டீச்சர் தாய் சொன்ன பேச்சிலேயே எழுதியிருந்தார். பேச்சியம்மாவின் வாயில் தாய் எப்போதும் வந்துச்சு, போனுச்சு. ராணியை வளர்த்தவராயிற்றே, நாய் மட்டும் வந்தா, இருந்தா. நான் வரிவரியாக வினையைக் கேட்டேன். 'கொழுந்து கிள்ளப் போனுச்சு.' போனுச்சு என்றால் அஃறிணை. ஆக, நாய். 'தொட்டிக்கிட்ட காவலு இருந்தா.' இருந்தா என்றால் இருந்தாள். ஆக, தாய். நாற்பது இடத்துக்கு மேல். ஒன்றைக்கூட விடவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகப் புரூஃப் பார்த்ததில்லை.

எனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. நாய் எப்படிக் கொழுந்து கிள்ளும் என்று ஒரு கணம் யோசித்தேன். கதை என்றால் நரி கல்யாணம் கட்டுகிறது, காக்கா பாட்டுப் பாடுகிறது, நாய் கொழுந்து கிள்ளினால் என்ன குறைந்துவிட்டது? போதாக்குறைக்கு அட்டைப்படம் வேறு. புதிதாகப் படம் செய்ய நேரமில்லாமல், ஒரு தேயிலைப் பொட்டலத்துப் பெண்ணையும் மிருக வைத்தியர் நோட்டீஸில் இருந்த நாயையும் பண்டா பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்திருந்தான். இடம் நெருக்கிப் போனதால் பெண்ணின் கூடை நாயின் முதுகில் உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. என்ன கற்பனை என்று பேச்சியம்மாவை மனதாரப் பாராட்டினேன்.

டீச்சரைக் கேட்டிருக்கலாம். அவர் அந்த வாரம் முழுக்கத் தாயின் காகிதங்களோடு அரசாங்கக் கச்சேரி வரிசையில் நின்றார். ஒரு தடவை ஓடிவந்து, புரூஃபில் 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போட்டார். "நீங்க பாத்தா சரி தங்கச்சி" என்று ஓடிவிட்டார். உண்மையைச் சொன்னால், கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. தனியாகப் பார்க்கிற முதல் புத்தகத்தில் ஒரு சொல்லுக்காகப் போய்க் கேட்பதா என்கிற திமிர். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் கோபம்தான்.

ஐந்நூறு பிரதியும் அடித்து, தைத்து, அட்டை ஒட்டி, சனிக்கிழமை காலை மேசைமேல் அடுக்கியாகிவிட்டது. கோச்சி அன்றைக்கு மத்தியானம். டீச்சர் நேரே ஸ்டேஷனுக்குப் போய்விடுவார், நான் ஒரு பிரதியை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் ஐயா ஒரு தகர டின் நிறையப் பயற்றம் பணியாரத்தோடு உள்ளே வந்தார். நான் புத்தகத்தை நீட்டினேன். புகழ்ச்சியை எதிர்பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

ஐயா கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்தார். நடுவில் நின்றார். பிறகு, நான் ஒருநாளும் கண்டிராதபடி, கதையின் தலைப்புக்குப் போய் எல்லோரையும்போல முன்னாலிருந்து படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை," என்றார் மிகவும் பணிவாக. "இந்த நாய் எந்தத் தோட்டத்திலை பேர் பதிஞ்சிருக்கு?"

"ஐயா, வினை..." என்றேன். "போனுச்சு என்றால் அஃறிணைதானே ஐயா..."

"உம்மடை அம்மா வீட்டிலை எப்பிடிக் கதைக்கிறவ?"

காலையில் புறப்படும்போது, அம்மா சோத்துப் பார்சல் கட்டித் தந்துச்சு. எனக்கு அப்போதுதான் கதை முழுவதும் பளிச்சென்று விளங்கியது. கொழுந்து கிள்ளப் போனது தாய், காவலிருந்தது நாய்! நான் நாயை மலைக்கு அனுப்பிவிட்டுத் தாயைத் தொட்டிலுக்குக் காவல் வைத்திருக்கிறேன். தாய் பாம்பின் மேல் பாய்ந்து கடிக்கிறாள். வேலை முடிந்து வந்த நாய், தாயின் வாயில் ரத்தத்தைப் பார்த்து, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை ஓங்குகிறது. பிள்ளை சிரிக்கிறது. நாய் கத்தியைப் போட்டுவிட்டுத் தாயின் காலில் விழுகிறது. ஐந்நூறு தடவை விழுகிறது.

ஐயா சட்டையிலிருந்து கறுப்புப் பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தார். "வினையைக் கேளும் எண்டு சொன்னது நான். ஆருடைய வாயிலையிருந்து வந்த வினை எண்டு கேக்கச் சொல்லேல்லை. பிழை என்ரை." அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஹாஜியார் ஓடிவந்தார். மறுபடி அடிக்கக் காகிதம் இல்லை. கோச்சிக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. ஒரு சீட்டு அடித்து உள்ளே வைக்கலாம் என்று ஐயா சொன்னார். 'தாய் என்று வருமிடத்தில் நாய் என்றும், நாய் என்று வருமிடத்தில் தாய் என்றும் வாசிக்கவும்.' சீட்டுக்கும் காகிதம் வேண்டுமே? கல்யாணப் பத்திரிகை வெட்டிய ரோஸ் நிறத் துண்டுகள் கிடந்தன, ஓரத்தில் பொன் கோலம் போட்டவை. அச்சுக்கோப்பவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். "நான் கோக்கிறன், சின்ன வயசுல கோத்த கைதான்" என்று ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முதல் சீட்டு வந்தது. 'தாய் என்று வருமிடத்தில் தாய் என்றும், நாய் என்று வருமிடத்தில் நாய் என்றும் வாசிக்கவும்.' ஐயா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஹாஜியார், இதிலை பிழை ஒண்டும் இல்லை. பிரயோசனமும் இல்லை." பண்டா மெஷினைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். இரண்டாவது சீட்டில் எல்லா இடத்திலும் நாய். "யா அல்லாஹ், எல்லாத்தையும் நாயாக்கிப்போட்டேனே" என்றார் ஹாஜியார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, காகிதம் வெட்டுகிற இயந்திரத்துக்குப் பின்னால் போய் வாயில் தாவணியை அடைத்துக்கொண்டேன். ஒரு மனுஷியின் ஆயுசுக் கதையைக் கெடுத்துவிட்டு இப்படிச் சிரிக்கிறேனே என்று நினைக்க நினைக்க இன்னும் சிரிப்பு வந்தது. மூன்றாவது சீட்டு சரியாக வந்தது. அதைப் புத்தகத்தில் செருகிக்கொண்டு ஓடினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், ஐயாவும் ஓடிவருகிறார், ஒரு கையில் குடை, மறு கையில் பணியார டின். அதை வைத்துவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோச்சிக்கு ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏன் என்று ஸ்டேஷனுக்குள் போனதும் தெரிந்தது. பிளாட்பாரம் முழுக்க அழுகை. ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறவர்களும் வெளியே நிற்கிறவர்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கதறுகிறார்கள். சிரித்துக்கொண்டு ஓடிவந்த நான் தாவணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அன்னம் டீச்சர் ஒரு ஜன்னலருகே நின்றார். அவர் அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு உள்ளே, மெலிந்து கறுத்த ஒரு அம்மா, வெற்றிலை போட்ட வாய். அதுதான் பேச்சியம்மா.

"டீச்சர், ஒரு பிழை நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன். அந்த இரைச்சலில் யார் கேட்டார்கள்? டீச்சர் புத்தகத்தைப் பறித்து ஜன்னல் வழியாகத் தாயின் கையில் வைத்தார். பேச்சியம்மா அட்டையைத் தடவினார். கூடை சுமந்த நாயைத் தடவினார். புத்தகத்தை மகளிடமே திருப்பித் தந்து, "கடைசிக் கதைய வாசி புள்ள, கேட்டுட்டுப் போறேன்" என்றார். டீச்சர் விரித்தபோது ரோஸ் சீட்டு நழுவித் தண்டவாளத்துக்குள் போய்விட்டது. நான் குனிந்து பார்த்தேன், கைக்கு எட்டவில்லை.

டீச்சர் உரக்க வாசித்தார். "நாய் கொழுந்து கிள்ளப் போனுச்சு."

நின்றார். என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா பணியார டின்னைப் பார்த்தார்.

"மேல வாசி" என்றார் பேச்சியம்மா.

"தாய் தொட்டிக்கிட்ட காவலு இருந்தா. பாம்பு வந்துச்சு. தாய் பாஞ்சு கடிச்சா." டீச்சர் பக்கத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். "நாய் திரும்பி வந்துச்சு. கவ்வாத்துக் கத்திய ஓங்குச்சு..."

முதலில் சிரித்தது பேச்சியம்மாதான். வெற்றிலைச் சாறு தெறிக்க ஒரு சிரிப்பு. "நாயி கொழுந்து கிள்ளுச்சா? எத்தன றாத்தல் கிள்ளுச்சாம்?" என்று கேட்டார். எதிர் ஆசனத்துக்காரர் என்ன என்று விசாரித்தார், பேச்சியம்மா சொன்னார். அவர் சிரித்தார். அடுத்த ஜன்னலில், அழுதுகொண்டிருந்த ஒரு பெண் மூக்கைச் சிந்திவிட்டு, "கங்காணி அந்த நாயிக்கிட்ட வாயக் குடுத்திருப்பானா?" என்றாள். பெட்டி முழுக்கச் சிரிப்பு பரவியது. அழுகை நடுவே அந்த ஒரு பெட்டி மட்டும் கொட்டமடித்தது. கார்ட் வந்து எட்டிப் பார்த்தார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அம்மா மாத்திட்டேன். ஐந்நூறு புத்தகத்துலயும் மாத்திட்டேன். உங்க கதையக் கெடுத்துட்டேன்" என்றேன். எங்கள் வீட்டுப் பேச்சு தானாக வந்தது.

பேச்சியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்தார்.

"அஞ்சு புள்ளைய லயத்துல போட்டுட்டுத்தான் நான் மலைக்கிப் போனேன். நாயிதான் பாத்துக்கிச்சு. இப்ப ஒன்னையும் போட்டுட்டுப் போறேன். இதுலயாச்சும் தாயி புள்ளைய விட்டுட்டுப் போகலையே. இப்புடியே இருக்கட்டும் புள்ள, மாத்தாத."

டீச்சர் அதுவரை கடித்துக்கொண்டிருந்த உதட்டை விட்டுவிட்டார். கோச்சி ஊதியது. "வாசி, வாசி, எடுக்கப் போறான்" என்று பேச்சியம்மா அவசரப்படுத்தினார். பெட்டி அசைந்தது. டீச்சர் ஜன்னலோடு சேர்ந்து நடந்துகொண்டே, அழுதுகொண்டே, என்னுடைய பிழை ஒன்றுகூட விடாமல் வாசித்தார். பிள்ளை சிரித்தது. நாய் கத்தியைப் போட்டது. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் புத்தகத்தை ஜன்னலுக்குள் நீட்டினார். பேச்சியம்மா வாங்கிக்கொண்டார்.

ஐயாவும் நானும் பின்னாலேயே ஓடிவந்து நின்றோம். பேச்சியம்மா புத்தகத்தைத் தலைகீழாக விரித்துப் பிடித்து, அதைப் பார்த்து வாசிக்கிறவர் மாதிரி, எதிரே இருந்தவர்களுக்குக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தார். கோச்சிச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் எங்களுக்குக் கேட்டது.

"நாயி கொழுந்து கிள்ளப் போனுச்சு. தாயி எங்கயும் போகல."